சிகரெட்டை நிறுத்த மொபைல் ஆப் உதவுமா? டவுன்லோடு பண்ணும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 11 மணி. ஆபீஸுக்குக் கீழே இருக்கும் டீக்கடை. "இன்னையோட ஆறு நாள் ஆச்சு மச்சி, தொடவே இல்ல" என்று போனை எடுத்துக் காட்டுகிறார் ஒருவர். திரையில் ஒரு பச்சை வட்டம், நடுவில் 6 என்ற எண். கீழே சேமித்த பணம், பிடிக்காமல் விட்ட சிகரெட்டுகளின் கணக்கு.

அன்று சாயங்காலம் ஆபீஸில் ஒரு மீட்டிங் சொதப்புகிறது. கீழே வந்து ஒரே ஒரு தம். ஆப்பில் உண்மையைப் பதிவு செய்கிறார். 6 மறைந்து 0 வருகிறது. ராத்திரியே ஆப் டெலீட். மறுநாள் காலையில் பழையபடி பாக்கெட்.

இது நாம் கற்பனை செய்த காட்சிதான். ஆனால் புகைப்பழக்கத்தை விட முயற்சி செய்த யாருக்கும் இது புதுசாக இருக்காது. பிளே ஸ்டோரில் தேடினால் இதற்கான ஆப்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இவை உண்மையிலேயே வேலை செய்கிறதா? எப்படிப் பயன்படுத்தினால் பலன் கிடைக்கும்? எங்கே ஏமாற்றிவிடும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- புகைக்கும் ஆசை வரும் அந்தச் சில நிமிடங்களைக் கடத்திவிட ஆப் உதவும். பழக்கத்தை அது தனியாக நிறுத்திவிடாது.
- எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால் ஆப் மட்டும் போதாது. ஆலோசனையும் மருந்தும் சேர வேண்டும்.
- இந்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம்.
- ஒரு நாள் சறுக்கினால் கவுண்டர்தான் 0 ஆகும். அதுவரை உங்கள் உடம்புக்குக் கிடைத்த ஓய்வு 0 ஆகிவிடாது.

ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

சிகரெட் புகையில் இருக்கும் நிக்கோட்டின், உள்ளிழுத்த சில விநாடிகளிலேயே மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டோபமைன் சுரக்கிறது. ஒரு சின்ன நிம்மதி கிடைக்கிறது. ஆனால் நிக்கோட்டின் உடம்பில் அதிக நேரம் தங்குவதில்லை. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். உடனே மூளை "அடுத்தது எங்கே?" என்று கேட்க ஆரம்பிக்கும்.

"டென்ஷன் குறையத்தான் அடிக்கிறேன்" என்று பலரும் சொல்வது இதனால்தான். அந்த டென்ஷனில் ஒரு பங்கு, முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் குறைந்ததால் வந்தது. அதைத்தான் அடுத்த சிகரெட் தணிக்கிறது.

இதோடு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. டீ குடித்தால் தம், சாப்பிட்டால் தம், பஸ்ஸுக்கு நிற்கும்போது தம், போன் பேசும்போது தம். வருடக்கணக்கில் இப்படிச் செய்து செய்து, டீ கிளாஸைப் பார்த்தாலே கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். நிக்கோட்டினுக்கு மருந்து இருக்கிறது. இந்தக் கைப்பழக்கத்தை மாற்றத்தான் வேறு உதவி தேவைப்படுகிறது. ஆப் நுழையும் இடம் இதுதான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. புகைக்க வேண்டும் என்ற அந்தத் தீவிர ஆசை, அலை மாதிரி வரும், உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கிவிடும். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். நீங்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது இறங்கும். அந்தச் சில நிமிடங்களில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் கையில் இருப்பது போன்!

ஆப்கள் என்னதான் செய்கின்றன?

ஆயிரம் பெயரில் வந்தாலும், இவற்றை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம்.

கணக்குப் போடும் ஆப்கள்: எத்தனை நாள் ஆச்சு, எத்தனை சிகரெட் தவிர்த்தீர்கள், எவ்வளவு பணம் மிச்சம் என்று காட்டும். பணக் கணக்கு பலருக்கும் நன்றாகவே உறைக்கும். ஒரு சிகரெட் 20 ரூபாய், நாளைக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 160 ரூபாய், 30 நாளுக்கு 4,800 ரூபாய், வருடத்துக்கு 58,400 ரூபாய். சில்லறையாக வாங்குபவருக்கு இந்தத் தொகை கண்ணுக்கே தெரிவதில்லை. ஆப் அதைக் கூட்டிக் காட்டுகிறது.

பயிற்சி கொடுக்கும் ஆப்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் ஆசை வருகிறது என்று உங்களையே பதியச் சொல்லும். ஒரு வாரத்தில் ஒரு படம் கிடைக்கும். "காலை டீ, மதிய சாப்பாடு, ராத்திரி 10 மணி" என்று உங்கள் ஆபத்தான நேரங்கள் தெரியவரும். ஆசை வந்ததும் அழுத்த ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் மூச்சுப்பயிற்சி, சின்ன விளையாட்டு, நீங்களே பதிவு செய்து வைத்த குரல் அல்லது குழந்தையின் போட்டோ என ஏதாவது வரும்.

பேச்சுத்துணை ஆப்கள்: இதே முயற்சியில் இருக்கும் மற்றவர்களோடு பேசும் குழு, ஆலோசகர், சாட்பாட் போன்றவை.

பல ஆப்கள் இந்த மூன்றையும் கலந்து தருகின்றன. முதல் வகை மட்டும் இருக்கும் ஆப், ஆசை வரும் நேரத்தில் பெரிதாக உதவாது. அது ஒரு மீட்டர், அவ்வளவுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்டோரில் 4.8 ஸ்டார் இருக்கிறது என்பதால் ஒரு ஆப் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

ஆப்களுக்கு முன்பே வந்தது சாதாரண எஸ்எம்எஸ். பிரிட்டனில் 5,800 பேரை வைத்து நடந்த ‘டெக்ஸ்ட்2ஸ்டாப்’ ஆய்வு 2011-ல் லான்செட் இதழில் வெளியானது. ஊக்கமும் யோசனையும் தரும் குறுஞ்செய்திகளைப் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் 6 மாதம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தனர். பழக்கத்தை விடுவதோடு தொடர்பில்லாத செய்திகளைப் பெற்றவர்களில் இது 4.9 சதவீதம். வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல், உமிழ்நீரைப் பரிசோதித்தும் உறுதி செய்தார்கள்.

10.7 என்பது கேட்கக் குறைவாகத் தெரியலாம். பத்தில் ஒன்பது பேர் விடவில்லையே என்று தோன்றலாம். ஆனால் வெறும் எஸ்எம்எஸ், விட்டவர்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கியிருக்கிறது.

2019-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், குறுஞ்செய்தித் திட்டங்கள் வெற்றி வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்கு கூட்டுவதாகச் சொன்னது. அதே தொகுப்பு ஆப்களைப் பற்றி என்ன சொன்னது தெரியுமா? அப்போது கிடைத்த 5 ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், ஆப்கள் பலன் தருகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

அடுத்த வருடமே நிலைமை கொஞ்சம் மாறியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘ஐகேன்க்விட்’ என்ற ஆப்பை, ‘க்விட்கைட்’ என்ற இன்னொரு ஆப்போடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 2,415 பேர். 12 மாதம் கழித்துக் கேட்டபோது, கடந்த 30 நாளாகப் புகைக்கவில்லை என்று சொன்னவர்கள் ஐகேன்க்விட்டில் 28 சதவீதம், மற்றதில் 21 சதவீதம். இது பங்கேற்றவர்களே சொன்ன கணக்கு என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வழக்கமான ஆப்கள் "ஆசையைத் தவிர், கவனத்தைத் திருப்பு" என்று சொல்லும். ஐகேன்க்விட் வேறு மாதிரி. "ஆசை வருகிறதா? வரட்டும். அதோடு சண்டை போடாதே. அது வருவதையும் போவதையும் கவனி. ஆனால் பற்றவைக்காதே" என்று பழக்குகிறது. உளவியலில் இதை ஏற்றல் சார்ந்த சிகிச்சை முறை என்கிறார்கள். இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. ஐகேன்க்விட்டை மக்கள் சராசரியாக 37 முறைக்கு மேல் திறந்தார்கள். மற்றதை 10 முறை அளவில்தான். போனில் இருந்தால் போதாது, திறக்கவும் வேண்டும்!

உலக சுகாதார நிறுவனம், பெரியவர்கள் புகையிலையை விடுவதற்கான தன் முதல் சிகிச்சை வழிகாட்டுதலை 2024 ஜூலையில் வெளியிட்டது. உலகில் 125 கோடி புகையிலைப் பயனாளர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர், அதாவது 75 கோடிக்கும் அதிகமானோர் விட விரும்புகிறார்கள், ஆனால் 70 சதவீதம் பேருக்குச் சரியான சிகிச்சை வசதி எட்டவில்லை என்கிறது அந்த அமைப்பு. குறுஞ்செய்தி, ஆப், இணையவழித் திட்டங்களை மற்ற சிகிச்சைகளுக்குத் துணையாகவோ, தனக்குத்தானே செய்துகொள்ளும் முயற்சியாகவோ பயன்படுத்தலாம் என்பது அதன் பரிந்துரை. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு நன்றாகவே கூடும் என்பதுதான் அந்த வழிகாட்டுதலின் மையக்கருத்து.

யாருக்கு ஆப் மட்டும் போதாது?

உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?

நிக்கோட்டின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி இது. 30 நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது. 5 நிமிடத்துக்குள் என்றால் மிகவும் பலம். இவர்கள் ஆப்பை மட்டும் நம்பி இறங்கினால், முதல் மூன்று நாளிலேயே உடம்பு தோற்கடித்துவிட வாய்ப்பு அதிகம். தோற்றது மனஉறுதி என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மருந்து இல்லாமல் போனதுதான் காரணமாக இருக்கும்.

நிக்கோட்டின் சூயிங் கம், பேட்ச் போன்றவை, புகையில் இருக்கும் தார், கார்பன் மோனாக்சைடு எதுவும் இல்லாமல், நிக்கோட்டினை மட்டும் குறைந்த அளவில் கொடுத்து உடம்பை மெதுவாகப் பழக்கும். வெரினிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாது.

கம் வாங்கிப் பயன்படுத்துபவர்கள் பலரும் செய்யும் தவறு, அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மெல்லுவது. மெதுவாக மெல்ல வேண்டும். காரம் போல ஒரு சுள்ளென்ற உணர்வு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். உணர்வு குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்த உடனே போட்டால் சரியாக வேலை செய்யாது. 15 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனநல மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். சிகரெட் புகை சில மருந்துகளை உடம்பு வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. சிகரெட்டை நிறுத்தியதும் அதே மருந்தின் அளவு ரத்தத்தில் கூடலாம். க்ளோசபின், ஒலான்சபின், தியோபிலின் எடுப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

டவுன்லோடு பண்ணும் முன் பார்க்க வேண்டியவை

1. யார் உருவாக்கியது? அரசு சுகாதாரத் துறை, பல்கலைக்கழகம், மருத்துவ அமைப்பு பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனின் என்எச்எஸ், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் போன்றவற்றுக்குச் சொந்த ஆப்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் 2022-ல் ‘க்விட் டொபாக்கோ’ என்ற ஆப்பை வெளியிட்டது. சிகரெட்டோடு, மெல்லும் புகையிலையையும் சேர்த்து உருவாக்கப்பட்டது இது.

2. ஆசை வரும் நேரத்துக்கு என்ன இருக்கிறது? திறந்ததும் ஒரே தட்டில் உதவி வர வேண்டும். நாலு விளம்பரத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் அதற்குள் தம் முடிந்திருக்கும்.

3. பீடி, புகையிலை கணக்கு போட முடிகிறதா? பல வெளிநாட்டு ஆப்கள் "ஒரு பாக்கெட் விலை என்ன?" என்றுதான் கேட்கும். பீடி பிடிப்பவர் கட்டு விலையையும், கட்டில் எத்தனை என்பதையும் போட்டுக்கொள்ளலாம். சில்லறையாக வாங்குபவர் ஒன்றின் விலையைப் பெருக்கிப் போட வேண்டும்.

4. வேப் பக்கம் தள்ளிவிடுகிறதா? பிரிட்டன் ஆப்களில் வேப்பிங்கையும் ஒரு வழியாகச் சொல்வார்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாமே தடை. அந்தப் பகுதியை அப்படியே தாண்டிவிடுங்கள்.

5. சறுக்கினால் என்ன செய்கிறது? கவுண்டரை 0 ஆக்கி விட்டுவிடும் ஆப்பைவிட, "என்ன நடந்தது?" என்று கேட்டு, மொத்தத்தில் எத்தனை நாள் புகைக்காமல் இருந்தீர்கள் என்பதையும் காட்டும் ஆப் நல்லது.

6. பணம் கேட்கிறதா? பல ஆப்கள் இலவசமாகத் தொடங்கி, சில நாளில் சந்தா கேட்கும். "இலவச சோதனை" என்று கார்டு விவரம் வாங்கினால், ரத்து செய்யும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.

7. உங்கள் தகவல் எங்கே போகிறது? 2019-ல் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் ஒரு ஆய்வு வந்தது. மனச்சோர்வு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கான 36 பிரபல ஆப்களைச் சோதித்ததில், 29 ஆப்கள் கூகுள் அல்லது பேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பின. அதில் பலவும் அதைப் பயனாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் கான்டாக்ட், லொகேஷன் அனுமதி கேட்டால் யோசித்துக் கொடுங்கள். ஆசை வரும் இடங்களைக் குறிக்க லொகேஷன் கேட்பது புரிகிறது. கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு?

முதல் மாதம்: ஆப்பை எப்படிப் பயன்படுத்துவது?

தேதிக்கு முந்தைய வாரம்: இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறியுங்கள். அதுவரை ஒவ்வொரு சிகரெட்டையும் ஆப்பில் பதியுங்கள். குறைக்க வேண்டாம், பதிந்தால் போதும். எந்த நேரம் ஆபத்து என்று தெரிந்ததும், அந்த நேரத்துக்கு 10 நிமிடம் முன்பாக நினைவூட்டல் வையுங்கள். காலை 11 மணிக்கு டீக்கடை என்றால் 10.50-க்கு.

ஒரு சின்ன விஷயம். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு, பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். நினைவூட்டல் வரவே வராது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஐகானை முதல் திரையில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா? பிரிட்டனில் 697 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் 4 வாரத்தில் புகைக்காமல் இருந்தனர். படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். இரண்டு குழுவுக்குமே ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று சிகிச்சையும் கிடைத்தது. அதனால் ஆப் "படிப்படியாக" என்ற வழியைக் காட்டினாலும், முடிந்தால் ஒரு நாளைக் குறித்து நிறுத்துவது நல்லது.

முதல் 3 நாள்: கஷ்டம் உச்சத்துக்குப் போகும் நாட்கள். எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனச் சிதறல், மலச்சிக்கல் எல்லாம் வரலாம். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "மூணு நாளைக்கு நான் கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பேன், பொறுத்துக்கோங்க" என்ற ஒரு வரி பல சண்டைகளைத் தடுக்கும்.

ஆசை வந்தால் நாலு வேலை: தள்ளிப்போடுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வேறு எதையாவது செய்யுங்கள். ஆப்பில் இருக்கும் டைமரை 5 நிமிடத்துக்கு வைத்துவிட்டு இந்த நாலையும் செய்து பாருங்கள். டைமர் முடிந்தபிறகும் ஆசை இருந்தால் இன்னொரு 5 நிமிடம்.

டீ, காபி விஷயம்: புகைப்பவரின் உடம்பு கஃபைனை வேகமாகக் கரைத்துவிடும். நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். அதே மூன்று காபி இப்போது அதிகமாக வேலை செய்யும். படபடப்பு, தூக்கம் வராமல் புரள்வது எல்லாம் நிக்கோட்டின் இல்லாததால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டீ, காபியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். டீக்கடைக்குப் போகும் எண்ணிக்கையும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

2 முதல் 4 வாரம்: உடம்பின் தொல்லை மெல்லக் குறையும். ஆனால் திடீரென்று ஒரு கல்யாண வீடு, ஒரு சரக்குப் பார்ட்டி, ஒரு துக்க வீடு வரும். மது குடிக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முதல் மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

உடம்புக்குள் என்ன மாறுகிறது?

ஆப்களில் வரும் ஆரோக்கியக் கணக்கு பெரும்பாலும் பொதுவான மருத்துவத் தகவல்தான். உங்கள் நுரையீரலைப் பார்த்துச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது:

- 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறையத் தொடங்கும்.
- 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவு இயல்புக்கு வரும்.
- 2 முதல் 12 வாரத்தில் ரத்த ஓட்டமும் நுரையீரல் செயல்பாடும் மேம்படும்.
- 1 வருடத்தில் இதய நோய் ஆபத்து, புகைப்பவரோடு ஒப்பிட்டால் சுமார் பாதி.
- 10 வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, புகைப்பவரோடு ஒப்பிட்டால் சுமார் பாதி.

கவுண்டர் 0 ஆனால்?

இப்போது அந்த டீக்கடை நண்பரிடம் திரும்புவோம்.

"ஒரு தம்தானே" என்பது ஆபத்தான வார்த்தை. விட்டபிறகு பிடிக்கும் ஒரு சிகரெட், பலரையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. அதனால் முழுத் தவிர்ப்புதான் இலக்கு. அதில் சமரசம் வேண்டாம்.

ஆனால் பிடித்துவிட்டால்? அங்கே இரண்டு வழி இருக்கிறது. "எல்லாம் போச்சு" என்று பாக்கெட் வாங்குவது ஒன்று. "எங்கே தப்பு நடந்தது?" என்று பார்த்து, அடுத்த சிகரெட்டைப் பிடிக்காமல் இருப்பது இன்னொன்று. நம் நண்பர் செய்த உண்மையான தவறு அந்த ஒரு தம் இல்லை, அன்று ராத்திரி ஆப்பை டெலீட் செய்ததுதான். மீட்டிங் சொதப்பினால் அவருக்குக் கை துறுதுறுக்கும் என்ற முக்கியமான தகவல் அந்த ஆப்பில்தான் இருந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புகைப்பவர்களை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. வெற்றிகரமாக நிறுத்தப் பலருக்கு 30 முயற்சிகளோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று அது கணக்கிட்டது. நாலாவது தடவை தோற்றவர் தன்னைப் பலவீனமானவர் என்று நினைக்கத் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம்.

சறுக்கிய அன்று செய்ய வேண்டியது இதுதான்: மிச்சம் இருக்கும் சிகரெட்டைத் தண்ணீரில் போடுங்கள். ஆப்பில் நேரம், இடம், மனநிலையைப் பதியுங்கள். கவுண்டரைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் பார்க்காதீர்கள். அடுத்த நாள் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

தமிழில் என்ன உதவி இருக்கிறது?

2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவீதம் பேர், சுமார் 26.7 கோடிப் பேர், ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் இது 20 சதவீதம். இந்தியாவில் புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விடத் திட்டமிடுவதாகவோ யோசிப்பதாகவோ அதே கணக்கெடுப்பில் சொன்னார்கள். மனசு இருக்கிறது, கை கொடுக்க ஆள் வேண்டும்.

ஆனால் நல்ல ஆப்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் வசதிப்படாதவர்களுக்கும், பட்டன் போன் வைத்திருக்கும் அப்பா, தாத்தாவுக்கும் இரண்டு வழிகள் உண்டு.

தேசிய உதவி எண் 1800-11-2356: 2016-ல் டெல்லியில் தொடங்கியது. 2018-ல் விரிவுபடுத்தியபோது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் மையம் வந்தது. தென்னிந்திய மொழிகளில் பேசும் ஆலோசகர்கள் அங்கே இருக்கிறார்கள். அழைப்பு இலவசம். நீங்கள் வாங்கும் சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்தோடு 2018-ல் இருந்து அச்சாகி வருவது இந்த எண்தான். தினமும் கையில் வைத்திருந்தும் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

எம்-செசேஷன்: மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் தொடங்கிய குறுஞ்செய்தித் திட்டம். மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்யும் வசதியோடு வந்தது. 20 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். பதிவு செய்தவர்களில் சுமார் 12,000 பேரிடம் நடத்திய ஆரம்பகட்ட மதிப்பீட்டில், 6 மாதம் கழித்து சுமார் 7 சதவீதம் பேர் விட்டிருந்தது தெரியவந்தது. ஸ்மார்ட்போனே தேவையில்லாத ஒரு வழிக்கு இது மோசமான எண் இல்லை.

இவை தவிர, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட அளவிலும் புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், மனஉறுதி போதாதா?
அப்படி விட்டவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் உதவியோடு முயற்சி செய்தால் வாய்ப்பு அதிகம். உதவி கேட்பது மனஉறுதி இல்லை என்பதன் அடையாளம் கிடையாது.

ஒரே நேரத்தில் நாலு ஆப் போடலாமா?
வேண்டாம். நாலு நோட்டிபிகேஷன் வந்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் பயன்படுத்துங்கள்.

எடை கூடுமா?
பலருக்குச் சில கிலோ கூடலாம். பசியும் ருசியும் திரும்புவதுதான் காரணம். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் முறுக்கு, மிக்சருக்குப் பதில் கேரட், வெள்ளரி, பொட்டுக்கடலை வைத்துக்கொள்ளுங்கள். புகையால் வரும் கேடு இந்த எடையைவிடப் பல மடங்கு பெரியது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?
ஆப்பைத் திறந்து "இன்னைக்கு எத்தனை?" என்று வேவு பார்க்க வேண்டாம். அப்படிச் செய்தால் அவர் பொய்யாகப் பதிய ஆரம்பிப்பார். பிறகு அந்த ஆப்பால் யாருக்கும் பயன் இல்லை. சாப்பிட்டதும் அவரோடு பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். அதுவே பெரிய உதவி.

கடைசியாக ஒன்று

இந்தக் கட்டுரையைப் படிப்பதும் அதே போனில்தான். விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடும் முன் 1800-11-2356 என்ற எண்ணைக் கான்டாக்டில் சேமித்துவிடுங்கள். ஆப் எதுவாக இருந்தாலும் பிறகு தேர்ந்தெடுக்கலாம். ஆப் உங்களை அடுத்த 5 நிமிடத்தைக் கடத்திவிடும். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால், மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருப்பது நல்லது.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. மருந்து தொடங்கும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)